60 மணி நேரத்துல கிருமி எடுத்துக்கிட்டது 10 மணி நேரம்தான்

இந்த வாரம் பதில் சொல்லப்போற கடிதம் நாலு பக்கம், கூடவே ஆஸ்பத்திரி ஃபைல போன்ல எடுத்த பதினேழு போட்டோ. ஊர் பேரு ஆஸ்பத்திரி பேரு எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

எழுதினவங்களுக்கு வயசு 27, முதல் கர்ப்பம், இப்போ 29 வாரம் ஆகுது. 24வது வாரத்துல ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் வந்திருக்கு, வலது பக்கம் விலாவுக்குக் கீழ பிடிச்சு இழுக்குற வலியும் இருந்திருக்கு. பக்கத்து கிளினிக்ல வைடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டுன்னு சொல்லி செஃபிக்சிம் மாத்திரை குடுத்தாங்க. சனிக்கிழமை சாயந்திரம் மூணு கம்பளி போத்தியும் நிக்காத நடுக்கம், பல்லு தந்தியடிக்குது, தூக்கிட்டு ஓடி ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. அங்க பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்த பாட்டில்ல விட்டு கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட், அதுக்கு ரத்தம் எடுத்துட்டு செஃப்ட்ரையாக்சோன் ஊசி ஆரம்பிச்சாங்க. காய்ச்சல் எறங்கல. செவ்வாய்க்கிழமை காலைல மெரோபெனம்னு ஊசிய மாத்துனாங்க, புதன்கிழமை ராத்திரிதான் உடம்பு ஆறுச்சு. அன்னைக்கு மதியம் வந்த ரிப்போர்ட்ல "ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் வகை"ன்னு இருந்துச்சு, அதாவது செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் மாதிரி மருந்த உடைச்சுடுற குடல் கிருமி. மெரோபெனம் மட்டும் 10 நாள், அப்புறம் வீடு. குழந்த நல்லா இருக்கு, ஸ்கேன் நார்மல்.

இப்போ அவங்க கேக்குறது இதெல்லாம். ஒண்ணு, "ஒரு மணி நேரத்துல ரிசல்ட் தர்ற பிசிஆர் டெஸ்ட் இருக்காமே, 14,000 ரூபான்னா கட்டியிருப்போமே, ஏன் எங்கள மூணு நாள் காக்க வெச்சாங்க, கேஸ் போடலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார்." ரெண்டு, ரத்தத்துல கிருமி இருந்துச்சுன்னா குழந்தைக்கும் போயிருக்குமா, அவ்வளவு பவர் ஊசி குழந்தைய பாதிக்குமா. மூணு, டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு வாரம் கழிச்சு மனசு கேக்காம வெளி லேப்ல இன்னொரு கல்ச்சர் குடுத்தாங்க, அதுல "ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்"னு வந்திருக்கு, அன்னையிலேர்ந்து பொட்டுத் தூக்கம் இல்ல. கடைசியா மாமியார் வளைகாப்ப தள்ளிப்போடச் சொல்றாங்களாம்.

வணக்கம்மா. நான் மைக்ரோபயாலஜி டாக்டர், அதாவது நீங்க பாக்காத டாக்டர். உங்க ரத்த பாட்டில் எந்த ரூமுக்குப் போச்சோ அந்த மாதிரி ரூம்லதான் நான் இருபது வருஷமா உக்காந்திருக்கேன். அதனால உங்க போட்டோல நான் மொதல்ல தேடினது கிருமி பேர இல்ல, மூலைல பொடி எழுத்துல போட்டிருக்கிற நேரத்த.

உங்க 60 மணி நேரம் எங்க போச்சு

ரத்தம் எடுத்தது சனி ராத்திரி 9.10. முதல் ஊசி போட்டது 9.25, நர்ஸ் கையெழுத்தே இருக்கு. பாட்டில் லேபுக்கு வந்து சேந்தது திங்கள் காலை 8.35. மெஷின் "பாசிட்டிவ்"னு கத்துனது திங்கள் சாயந்திரம் 6.50. யாரோ ஒருத்தர் அந்த பாட்டில எடுத்து ஸ்லைடு போட்டு பாத்து வார்டுக்கு போன் பண்ணது செவ்வாய் காலை 9.15.

கூட்டிப் பாருங்க, 60 மணி நேரம் 5 நிமிஷம். அதுல கிருமி வளர எடுத்துக்கிட்டது மெஷினுக்குள்ள இருந்த 10.15 மணி நேரம்தான். பாட்டில் வார்டுலயோ கலெக்‌ஷன் கவுண்டர்லயோ ஞாயித்துக்கிழமை பூரா சும்மா உக்காந்திருந்தது 35 மணி நேரத்துக்கு மேல. மெஷின் லைட்டு எரிஞ்சு, பாக்க ஆளில்லாம காத்திருந்தது 14 மணி நேரத்துக்கு மேல. 14,000 ரூபா டெஸ்ட் இந்த ரெண்டு ஓட்டையில எதையுமே அடைக்காது.

ஏன்னு சொல்றேன், இது கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

உங்களுக்கு ரெண்டு கையிலயும் தனித்தனியா குத்தி நாலு பாட்டில் எடுத்ததப் பாத்து "புள்ளத்தாச்சி ரத்தத்த இப்படியா உறிஞ்சுவாங்க"ன்னு உங்க மாமியார் சண்ட போட்டதா எழுதியிருக்கீங்க. நான் அங்க இருந்திருந்தா அந்த நர்ஸுக்கு கை குடுத்திருப்பேன். ரத்தத்துல கிருமி இருக்குன்னு சொல்றோமே, பெரியவங்களுக்கு பெரும்பாலும் ஒரு மில்லிக்கு ஒண்ணுலேர்ந்து பத்து கிருமி, சில சமயம் அதுகூட இருக்காது. அதான் ஒரு பாட்டிலுக்கு 8லேர்ந்து 10 மில்லி வேணும்னு கேக்குறோம். ரெண்டு மில்லி விட்டுட்டு "நெகட்டிவ்"னு எழுதினா அதுக்கு அர்த்தமே இல்ல. கர்ப்பத்துல உங்க மொத்த ரத்தம் நல்லாவே கூடியிருக்கும், நாலு பாட்டில் 40 மில்லி போனது உடம்புக்குத் தெரியக்கூட தெரியாது.

அந்தக் கைப்பிடி கிருமி பாட்டில்ல இருக்கிற சத்தத் தின்னு பெருகும், ஈ.கோலை வசதி கிடைச்சா 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் ரெட்டிக்கும், பெருகும்போது கார்பன் டை ஆக்சைடு விடும், அடியில இருக்கிற சென்சார் அத புடிச்சுக்கும். அப்பதான் மெஷின் கத்தும். நீங்க கேள்விப்பட்ட அந்த ஒரு மணி நேர டெஸ்ட், பல கிருமியோட ஜீன ஒரே நேரத்துல தேடுற பயோஃபயர் மாதிரி பேனல், இந்த இடத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. நேரடியா கையிலேர்ந்து எடுத்த ரத்தத்துல அத பண்றது இல்ல, பாசிட்டிவ் ஆன பாட்டில்லேர்ந்து எடுக்கணும். உங்க கணக்குல அந்த ஒரு மணி நேரம் செவ்வாய் காலை 9.15க்குத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கும். நேரடி ரத்தத்துல 3லேர்ந்து 5 மணி நேரத்துல பாக்குற டி2-ன்னு ஒரு முறை இருக்கு, அமெரிக்காவுல 2018ல அனுமதி குடுத்தாங்க, ஆனா அது தேடுறது நாலஞ்சு கிருமியதான், எந்த மருந்து வேலை செய்யும்னு முழுசா சொல்லாது, அதனால அங்கயும் கல்ச்சர் பாட்டில யாரும் விட்டுடல.

அப்போ 9.15க்கு என்ன நடந்துச்சு தெரியுமா? பாட்டில்லேர்ந்து ஒரு சொட்டு கண்ணாடில தடவி, ஊதா சாயம், அயோடின், அலசல், அப்புறம் சிவப்பு சாயம், எண்ணெய் வெச்சு லென்ஸ்ல பாத்தா இளஞ்சிவப்பு கலர்ல குட்டிக் குட்டி குச்சி. கிராம் ஸ்டெயின். பத்து நிமிஷ வேலை, சாயச் செலவு டீ காசுகூட வராது. "கிராம் நெகட்டிவ் பேசிலை (அந்த இளஞ்சிவப்பு குச்சிதான்), ரெண்டு கை பாட்டில்லயும்"னு டெக்னீசியன் வார்டுக்குச் சொல்லியிருக்காங்க, உங்க டாக்டர் செஃப்ட்ரையாக்சோன் கேக்கலங்கிறதையும் சேத்து யோசிச்சு 10 மணிக்கே மெரோபெனம் எழுதிட்டாங்க. புதன்கிழமை வந்த பிரிண்ட் அவங்க கணிப்பு சரின்னு காட்டுச்சு, அவ்வளவுதான். உங்களுக்குக் கிடைச்ச விரைவு டெஸ்ட் அந்த போன் கால்தான்மா.

இதுக்காக புது டெஸ்டு எல்லாம் வீண்னு நான் சொல்ல வரல, எனக்கே ஆசையிருக்கு. மால்டி-டாஃப் மெஷின் இருந்தா கிருமி பேர சில நிமிஷத்துல சொல்லிடும். பிசிஆர் பேனல்ல சிடிஎக்ஸ்-எம், என்டிஎம் மாதிரி எதிர்ப்பு ஜீன்களும் தெரியும். உங்க கிருமியில என்டிஎம் இருந்து மெரோபெனமே வேலை செய்யாத நிலைமைன்னா அந்த ஒரு நாள் முன்னாடி தெரியுறது உசுரு சம்பந்தப்பட்ட விஷயம், அப்போ 14,000 பெருசே இல்ல. இன்னொண்ணு பலருக்குத் தெரியாது, ஐரோப்பாவுல யூகாஸ்ட்ங்கிற அமைப்பு 2018ல ஒரு முறை கொண்டுவந்தாங்க, பாசிட்டிவ் பாட்டில்லேர்ந்து நேரா தட்டுல ஊத்தி, நாங்க தினமும் வைக்கிற அதே மருந்து வில்லைய வெச்சு 4, 6, 8 மணி நேரத்துல படிக்கிறது. புது மெஷின் தேவையில்ல, ராத்திரி பாக்க ஒரு ஆள் வேணும். நம்ம ஊர்ல மெஷின் வாங்க ரிப்பன் வெட்ட ஆள் வருவாங்க, நைட் டூட்டி டெக்னீசியன் போஸ்ட்டுக்கு யாரும் வர்றதில்ல. சரி, அது என் புலம்பல்.

டைபாய்டு எங்கேர்ந்து வந்துச்சு

டைபாய்டு இல்லவே இல்ல. வைடால்ங்கிறது கிருமிய பாக்குற டெஸ்ட் இல்ல, எப்பவோ வந்துபோனதுக்கு உடம்புல இருக்கிற எதிர்ப்புப் பொருள பாக்குறது, டைபாய்டு புழங்குற நம்ம ஊர்ல நல்லா இருக்கிறவங்களுக்கே பாசிட்டிவ் வரும். டைபாய்டுக்கும் சரியான டெஸ்ட் பிளட் கல்ச்சர்தான். உங்களுக்கு அடையாளம் வேற இடத்துல இருந்துச்சு: வலது பக்க வலி. கர்ப்பத்துல ஹார்மோனால சிறுநீர்க்குழாய் தளரும், கர்ப்பப்பை வலது பக்கம் சாஞ்சு அழுத்தும், சிறுநீர் தேங்கி கிருமி கிட்னி வரைக்கும் ஏறும், அதுவும் வலது பக்கம்தான் ஜாஸ்தி. அப்படி கிட்னி இன்ஃபெக்‌ஷன் வர்ற கர்ப்பிணிகள்ல ஏறக்குறைய அஞ்சுல ஆறுல ஒருத்தருக்கு ரத்தத்துலயும் கிருமி இருக்கும். உங்க பதினோராவது போட்டோல, கிளினிக்ல எடுத்த சாதா யூரின் ரிப்போர்ட்ல, "பஸ் செல்ஸ் 25–30"னு இருக்கு, அதாவது சீழ் அணு, யூரின்ல கிருமி இருக்கலாம்ங்கிறதுக்கு அடையாளம். அத யாரோ மடிச்சு உள்ள வெச்சுட்டாங்க.

மாத்திரை முழுங்கின பிறகும் உங்க பாட்டில்ல கிருமி வளந்ததே ஒரு விதத்துல அதிர்ஷ்டம், செஃபிக்சிமுக்கு அடங்காத கிருமிங்கிறதாலதான் வளந்துச்சு. அடங்குற கிருமியா இருந்து பாதி அடங்கியிருந்தா பாட்டில் நெகட்டிவ்னு வந்திருக்கும், நாங்களும் இருட்டுல தேடியிருப்போம். அதனாலதான் நடுங்குற காய்ச்சல்னா கல்ச்சர் எடுத்துட்டு ஊசி போடுங்கன்னு தொண்ட கிழியக் கத்துறோம். அதுக்காக கல்ச்சர் எடுக்க ஆளில்லன்னு ஊசிய மணிக்கணக்கா தள்ளிப்போடுறதும் தப்பு, செப்சிஸ்னு, அதாவது கிருமியால உடம்போட உறுப்புங்களே தடுமாறுதுன்னு, சந்தேகம் வந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் மருந்து உள்ள போகணும். உங்க ஆஸ்பத்திரி இந்த விஷயத்துல பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிருக்காங்க.

கேஸ் போடணுமா

நான் வக்கீல் இல்ல, ஆனா ஃபைல படிச்சவளா என் அபிப்பிராயம்: ரத்தம் சரியா எடுத்தாங்க, மருந்து உடனே போட்டாங்க, போன் வந்ததும் மாத்தினாங்க. வார்டு டாக்டர் மேல கேஸ் நிக்கும்னு எனக்குத் தோணல. பாட்டில் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்ததும் ராத்திரி லேப்ல ஆளில்லாததும் நிச்சயமா குறைதான், அதக் கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. நம்ம நாட்டு மருத்துவ கவுன்சில் 2002 விதிப்படி நீங்க எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள உங்க ரெக்கார்ட குடுக்கணும், அத முழுசா வாங்கி வெச்சுக்கோங்க, போட்டோ பத்தாது. அப்புறம் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு பக்கம் லெட்டர் எழுதுங்க, மேல நான் கூட்டின நாலு நேரத்தயும் அப்படியே போட்டு, "ஞாயித்துக்கிழமை பாட்டில் எங்க இருந்துச்சு, பாசிட்டிவ் ஆனா ராத்திரி யார் பாப்பாங்க"ன்னு ரெண்டே கேள்வி. திட்டி எழுதின லெட்டருக்கு வக்கீல் பதில் எழுதுவார், நேரம் போட்டு எழுதின லெட்டருக்கு லேப்லேர்ந்து ஒருத்தர் பதில் எழுதித்தான் ஆகணும். அதுக்கு மேலயும் போகணும்னு வீட்டுக்காரர் நெனச்சா ஒரு நல்ல வக்கீல்கிட்ட ஃபைலோட போகட்டும், எட்டாம் மாசத்துல உங்கள கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம்.

குழந்தையும் பவர் ஊசியும்

உங்க ரத்தத்துல ஈ.கோலை இருந்துச்சுன்னா அது நேரா குழந்தை ரத்தத்துக்குப் போயிடும்னு இல்ல. லிஸ்டீரியான்னு ஒரு கிருமி அப்படி நச்சுக்கொடியத் தாண்டிப் போறதுல பேர்போனது, அது உங்களுக்கு இல்ல. ஈ.கோலையில நாங்க பயந்தது வேற: தாயோட பிரஷர் எறங்குறது, அடங்காத காய்ச்சல், அதனால வலி கிளம்பி குறைமாசத்துல பிரசவம் ஆகுறது. அந்தக் கண்டம் தாண்டியாச்சு. மெரோபெனம் பென்சிலின் சொந்தக்காரக் குடும்பம்தான், தேவைன்னா கர்ப்பத்துல குடுக்குறோம். டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் மாதிரி மருந்துங்களத்தான் கர்ப்பத்துல முடிஞ்சவரைக்கும் தவிர்க்கிறோம். "கொஞ்சம் லேசான ஊசி குடுத்திருக்கலாமே"ன்னு கேட்டிருந்தீங்க. 2018ல வந்த மெரினோங்கிற ஆய்வுல செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா ரத்தத்துல இருந்தவங்கள ரெண்டா பிரிச்சு மெரோபெனமும் பிபராசிலின்-டாசோபாக்டமும் குடுத்துப் பாத்தாங்க, 30 நாள்ல இறந்தவங்க மெரோபெனம் பக்கம் 3.7 சதவீதம், அந்தப் பக்கம் 12.3. லேசான ஊசிய நானும் எழுதச் சொல்லியிருக்க மாட்டேன்.

ரெண்டாவது ரிப்போர்ட்ட என்ன பண்றது

மூணு வரி எழுதிக் கேட்டிருக்கீங்க, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப கவலை, ஏன்னா இதப் பாத்து யாராவது உங்களுக்கு ஊசி ஆரம்பிச்சுடுவாங்க.

ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் உங்க தோல்ல இருக்கு, என் தோல்ல இருக்கு, ரத்தம் எடுத்த பையன் விரல்லயும் இருக்கு. ஊசி குத்துற இடத்த பஞ்சால ஒரு இழுப்பு இழுத்துட்டு காயுறதுக்குள்ள குத்தினா அது பாட்டிலுக்குள்ள விழும். வீட்டுக்கு வந்து ஒரே பாட்டில் எடுத்திருக்காங்க, ஒரே கை, உங்களுக்குக் காய்ச்சல் இல்ல, ரிப்போர்ட்ல மூணாவது நாள்தான் வளந்ததா போட்டிருக்கு. நெஜ ஈ.கோலை பத்து மணி நேரத்துல கத்துனத பாத்தீங்கல்ல? ஒத்தப் பாட்டில்ல, லேட்டா, தோல் கிருமி, ஆள் தெம்பா இருக்காங்கன்னா பெரும்பாலும் அது கலப்படம். ரிப்போர்ட்ட உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, நான் சொன்னதையும் சொல்லுங்க. காய்ச்சல் வந்தா ரெண்டு கையிலயும் புதுசா எடுத்துப் பாக்கலாம். காய்ச்சல் இல்லாதப்போ "சும்மா ஒரு தடவ" பிளட் கல்ச்சர் எடுக்காதீங்க, அந்த 14,000 டெஸ்டும் இப்போ வேண்டாம், இல்லாத கிருமிய தேடினா தோல் கிருமிதான் கெடைக்கும்.

நீங்க விடாம பாக்க வேண்டியது யூரின் கல்ச்சர். மருந்து முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல ஒண்ணு எடுத்திருக்கணும், எடுத்த மாதிரி ஃபைல்ல தெரியல, இந்த வாரமே குடுங்க. அப்புறம் பிரசவம் வரைக்கும் மாசம் ஒண்ணு. சுத்தமா கழுவிட்டு, மொதல் கொஞ்சம் விட்டுட்டு நடுவுல புடிங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போகணும், முடியலன்னா ஃபிரிட்ஜுல வைக்கலாம். யூரின் ஃபிரிட்ஜுல வைக்கலாம், பிளட் கல்ச்சர் பாட்டில மட்டும் வைக்கவே கூடாது. காசு இடிக்குதுன்னா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க, 2011லேர்ந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துல கர்ப்பிணிக்கு அங்க டெஸ்டும் மருந்தும் இலவசம், பிரசவத்துக்கப்புறம் 42 நாள் வரைக்கும்.

அடுத்த தடவ காய்ச்சல் வந்தா

நடுக்கம், மூச்சு வாங்குறது, படபடப்பு, யூரின் குறையுறது, பேச்சு கொழர்றது, குழந்தை அசைவு கம்மியாகுறது, வயிறு இறுகி இறுகி விடுறது, இதுல எது வந்தாலும் கிளினிக் போகாதீங்க, 108 கூப்பிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. "கர்ப்பம்னா நாடி வேகமாத்தான் இருக்கும், வெள்ளை அணு கூடத்தான் செய்யும்"னு யாராவது சொன்னா அது உண்மைதான், அதனாலதான் கர்ப்பத்துல செப்சிஸ் கண்ணுக்குத் தப்புது. போன ஒடனே டாக்டர் கையில குடுக்க வேண்டியது அந்தப் புதன்கிழமை ரிப்போர்ட். ஒரு ஜெராக்ஸ் உங்க தாய்-சேய் அட்டையில பின் பண்ணி வைங்க, ஒரு போட்டோ வீட்டுக்காரர் போன்ல. "முன்னாடி ஈஎஸ்பிஎல் ஈ.கோலை"ங்கிற ஒரு வரி தெரிஞ்சா மொதல் ஊசியே சரியான ஊசியாப் போடலாம், எந்த மெஷினும் அவ்வளவு வேகமா சொல்லாது.

வளைகாப்பு தாராளமா வைங்கம்மா, காய்ச்சல் இல்ல, ஸ்கேன் நல்லா இருக்கு, தள்ளிப்போட ஒரு காரணமும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, கடைசி போட்டோல உங்க எடது கை தெரியுது, ட்ரிப் ஊசி எடுத்த இடத்துல நரம்பு கயிறு மாதிரி தடிச்சு இருக்கு. அது மெல்ல கரையும். ஆனா அங்க செவந்தோ சுட்டோ சீழ் கோத்தோ இருந்தா விசேஷத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டுங்க, இல்லன்னாலும் அந்தக் கையில இறுக்கமான வளையல ஏத்த வேண்டாம்னு மாமியார்கிட்ட சொல்லிடுங்க, வலது கையில கூட நாலு போட்டுக்கட்டும்.